முதலாம் ஆண்டு நினைவு நோட்டீஸில் அக்காவைப் பற்றி என்ன போடுவது?

ராமநதிக்கரை | 2025 மே 11, இரவு 9.40

வருகிற வைகாசி 20-ஆம் தேதியோடு எங்கள் அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நோட்டீஸ் அடிக்க பிரஸ்ஸில் சொல்லி, போட்டோவும் கொடுத்துவிட்டேன். படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதிக்கொண்டு வாங்க என்றார்கள். மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. எல்லோருக்கும் போடுகிற ‘அன்பும் பண்பும் நிறைந்த’ என்பதை எழுதினால் அது அவள் இல்லை. அதனால் அவளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது வரி தோன்றினால் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் கடையம் பக்கம். இப்போது தென்காசி மாவட்டம், அன்றைக்குத் திருநெல்வேலி. அக்கா பிறந்தது 1974. பிறந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாகி, பால் குடிக்காமல் வில்லாக வளைந்துகொண்டாளாம். அதற்கப்புறம் கழுத்து நிற்கவே இல்லை. ஒரு பொருளை எடுக்க நினைத்தால் கை வேறு பக்கம் முறுக்கிக்கொண்டு போகும். பேச்சு வரவில்லை. மூளை முடக்குவாதம் என்ற பெயரே எங்களுக்கு 90-களில்தான் தெரியும். அதுவரைக்கும் ‘பிள்ளைக்கு வாதம்’, அவ்வளவுதான். வீட்டில் அவளுக்கு ‘பாப்பா’ என்று பெயர். கடைசிவரை அதுதான்.

அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது தெருக்கோடி ஆசாரி மாமா பூவரசங்கட்டையில் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். சறுக்கி விழாமல் இருக்க இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு குட்டிக்கட்டை, முன்னால் ஒரு பலகை, கால் வைக்க ஒரு சட்டம். வளர வளர அவரே வந்து பிரித்து அளவு மாற்றிக் கொடுப்பார். கூலி வாங்கியதே இல்லை. கடைசியாக மாற்றியது அவர் மகன்.

அந்த நாற்காலி எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருவைப் பார்த்தபடி இருக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவதுதான் வேலை. அதே திண்ணையில் ஐந்து பெண்கள் சொளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மா வயலுக்குப் போனால் மதியச் சோறு ஊட்டுவது அந்த ஐந்து பேரில் ஒருத்தி. யாருக்கு எந்த நாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

அவளுக்கு ஊட்டுவது லேசான வேலை இல்லை. தலை பின்னால் சாயக்கூடாது. நம் தோளில் சாய்த்துக்கொண்டு, தாடைக்கு அடியில் நடுவிரலைக் கொடுத்து வாயை மெதுவாக மூடிவிட வேண்டும். சோறு நன்றாகக் குழைந்திருக்க வேண்டும், ரசம் தண்ணியாக இருந்தால் புரையேறிவிடும். ஒரு வாய் தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வாய். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். பீடிக்கு ஆயிரத்துக்குத்தான் கூலி. முக்கால் மணி நேரம் எழுந்து போனால் எழுபது, எண்பது பீடி குறையும். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் புகையிலை வாசம் போகாது. புகையிலை வாசம் இல்லாத கை என்று அக்காவுக்கு இருந்தது அம்மாவுடையது மட்டும்தான்.

அவள் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவள் நாற்காலிக் கையில் மாட்டிவிட்டுப் போவார்கள். நாலைந்து சாவி எப்போதும் தொங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டால், திண்ணையில் இருப்பவர்கள் ஒவ்வொரு சாவியாகத் தொட்டுக் காட்டுவார்கள். சரியான சாவி வரும்போது அக்கா கண்ணை மேலே தூக்குவாள். அதுதான் அவளுடைய ‘ஆமாம்’. கண்ணை மூடினால் ‘இல்லை’. ஒரு தடவைகூட சாவி மாறிப் போனதில்லை.

அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “முருகா, எனக்கு முன்னால இவ போயிரணும்.” எங்கள் காதுபடவே சொல்வாள். அக்கா காதுபடவும்தான். ஆனால் 2016-இல் அம்மாதான் முதலில் போனாள். நான் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அக்கா கிட்டத்தட்ட எட்டு வருஷம் இருந்தாள். முதுகில் ஒரு புண் கிடையாது. என் மனைவி குளிப்பாட்டினாள், ராத்திரி இரண்டு தடவை புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை, மதியம் வழக்கம்போலத் திண்ணை. அம்மா பயந்தது நடக்கவில்லை. அதை அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை.

நோட்டீஸில் இதையெல்லாம் எப்படிப் போடுவது?

---

வைகைவாசி | மே 11, இரவு 10.25

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன் அண்ணே. எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு காலிலும் போலியோ. மதுரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை ஷட்டரைக் காலையில் தூக்கிவிடுவது பக்கத்து டீக்கடைக்காரர், ராத்திரி இறக்கிவிடுவது பூக்கடைக்காரர். முப்பது வருஷம். பெரியப்பா இறந்த அன்று இரண்டு பேரும் தங்கள் கடையைத் திறக்கவில்லை.

நோட்டீஸுக்கு எனக்கு வரி தெரியவில்லை. அந்தச் சாவி விஷயத்தைப் போடுங்கள்.

---

இயன்முறை ஊழியர் | மே 12, காலை 7.10

தோழர், நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கிற வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். உங்கள் பதிவில் இரண்டு விஷயங்களை நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

ஒன்று அந்த நாற்காலி. தொடைகளுக்கு நடுவே கட்டை, முன்பலகை, கால் சட்டம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நாங்கள் இன்றைக்கு அளவெடுத்துச் செய்யச் சொல்வதும் இதைத்தான். இடுப்பு சறுக்காமல் நின்றால்தான் கழுத்து கொஞ்சமாவது நிற்கும். உங்கள் ஆசாரி பாடம் படிக்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அதேபோல தாடைக்கு அடியில் விரல் கொடுத்து ஊட்டுவதும். நாங்கள் தாய்மார்களுக்கு நாள்கணக்கில் சொல்லிக்கொடுக்கிற முறை அது. இப்படிப்பட்டவர்களை அதிகம் கொண்டுபோவது புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய் வருகிற நிமோனியாதான். ஐம்பது வயது வரை அவர் இருந்தாரென்றால் அதில் அந்த விரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள். பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை ரொம்ப ஏறிவிட்டால் அது மூளையில் அசைவைக் கட்டுப்படுத்துகிற ஆழமான பகுதியைத் தாக்கும். கை கால் தன் போக்கில் முறுக்குகிற வகை பெரும்பாலும் அப்படி வருவது. நீல விளக்கின் கீழே சில நாள் வைத்தால் தடுத்துவிடலாம். ஏறிப்போனால் ரத்தம் மாற்றுவார்கள். 1974-இல் ஒரு கிராமத்துக்கு அது எட்டவில்லை. இந்த வகையில் இன்னொன்றும் உண்டு. பேச்சும் கையும் போயிருக்கும், காதும் பாதிக்கப்படலாம். ஆனால் அறிவு பலருக்கு முழுசாக இருக்கும். உங்கள் அக்காவுக்கு இருந்தது என்பதற்கு அந்தச் சாவிகளே சாட்சி. அப்படியென்றால் அம்மா விளக்கேற்றும்போது சொன்னதும் அவருக்குப் புரிந்திருக்கும். வருத்தப்பட வைக்கச் சொல்லவில்லை. இந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது, அவர்கள் முன்னால் என்ன பேசுகிறோம் என்று பார்ப்பதைத்தான்.

உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அங்கே அழைத்துப் போனதுண்டா? 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. தனக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கர ராமன் தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பது என்ற முறைக்கு எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு தாய்வீடு மாதிரி.

---

நாலாம் மாடி | மே 12, மதியம் 2.15

நான் சென்னை. மகனுக்கு 19 வயது, ஆட்டிசம். என் கணவர் இப்போது இல்லை.

உங்கள் அம்மா சொன்னதை நானும் தினமும் சொல்கிறேன். விளக்கேற்றும்போது இல்லை, லிஃப்ட்டில் அவனோடு இறங்கும்போது. எங்கள் குடியிருப்பில் 48 வீடு. அவன் சத்தம் போடுகிறான் என்று இரண்டு தடவை புகார் வந்திருக்கிறது. ஒருவர்கூட அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உங்களுக்குத் திண்ணை இருந்தது. எனக்குத் திண்ணை இல்லை. இதைப் படித்தபோது சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. மன்னியுங்கள், உங்கள் துக்கத்தில் என் பாட்டைப் பாடுகிறேன். எனக்குப் பிறகு இவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதாவது யாருக்காவது தெரியுமா?

---

புதுக்கோட்டை வாத்தியார் | மே 12, மாலை 6.50

அம்மா, கையெழுத்து விஷயத்துக்கு வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல குறைபாடுகள் சேர்ந்திருப்பது ஆகிய நான்குக்கும் பொருந்தும். 18 வயது முடிந்தவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட அளவில் ஒரு உள்ளூர்க் குழு இருக்கும். அதில் கலெக்டர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என மூன்று பேர் இருப்பார்கள். நீங்கள் இருக்கும்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். ‘நிராமயா’ என்று ஒரு மருத்துவக் காப்பீடும் அதே அறக்கட்டளையில் உண்டு, வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனவளர்ச்சிக் குறைபாடு, கடும் பாதிப்பு என்று சான்று இருப்பவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2000 ரூபாய். வாங்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

ராமநதிக்கரை அவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘தெரு பார்த்துக்கொண்டது’ என்று எழுதும்போது மனசு நிறைகிறது. ஆனால் அந்தத் தெருவில் ஊட்டியது, துடைத்தது, குளிப்பாட்டியது எல்லாமே பெண்கள். தினம் எழுபது பீடிக் கூலி என்று நீங்களே கணக்குச் சொல்லிவிட்டீர்கள், அதற்கு நன்றி. பலர் அதைச் சொல்வதில்லை. இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து பேரும் ஒரே தெருதானா?

---

ராமநதிக்கரை | மே 12, இரவு 10.05

வாத்தியார் கேட்டது எதற்கென்று புரிகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். நாலு பேர் எங்கள் தெரு. ஒருத்தர் மேட்டுத்தெரு. 80-களில் அவரை வீட்டுக்குள் விட எங்கள் ஆச்சி சம்மதிக்கவில்லை. அக்கா திண்ணையில் இருந்ததால்தான் அவரால் ஊட்ட முடிந்தது. மழைக்காலத்தில் அக்காவை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவருடைய நாள் மட்டும் வேறொருத்திக்குப் போகும். ஆச்சி காலத்துக்குப் பிறகுதான் அடுப்படி வரை வந்தார். அக்காவுக்கு யார் கையில் வேண்டும் என்று கேட்டிருந்தால் அவரைத்தான் காட்டியிருப்பாள் என்று அம்மாவே சொல்வாள். அவர் கையில்தான் சீக்கிரம் இறங்கும்.

ஆய்க்குடிக்கு அப்பா ஒரு தடவை தூக்கிக்கொண்டு போனார், 93 அல்லது 94. அங்கே பெரிய அதிகாரியே சக்கர நாற்காலியில் இருந்தார் என்று வந்து ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாம் மாடி அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் திண்ணையும் இப்போது இல்லை. ரோடு உயர்ந்ததில் பாதி போய்விட்டது. பீடி வேலையும் குறைந்துவிட்டது, இளைய பெண்கள் கம்பெனி வேனில் போகிறார்கள்.

---

சக்கரப்பயணி | மே 13, காலை 11.30

எனக்கும் மூளை முடக்குவாதம்தான். 31 வயது. சென்னை கோட்டூர்புரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கான வித்யாசாகரில் படித்தேன், இப்போது வேலை பார்க்கிறேன். பேச்சு எனக்கும் தெளிவாக வராது. எழுத்துப் பலகையில் காட்டிப் பேசுவேன். இந்தப் பதிவை அடிக்க நாற்பது நிமிஷம் ஆகிறது, அதனால் நேராகச் சொல்கிறேன்.

உங்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி இவ்வளவு அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பற்றிக் குறைவாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன பாட்டு பிடிக்கும்? யாரைப் பிடிக்காது? எதற்குக் கோபம் வரும்? நோட்டீஸில் ‘பாப்பா’ என்றா போடப் போகிறீர்கள்? 49 வயதுப் பெண்ணை. என்னை இன்னும் பஸ்ஸில் “பாப்பா எங்கே இறங்கணும்” என்று என்னிடம் கேட்காமல் என் அம்மாவிடம் கேட்கிறார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா? கண்ணால் பதில் சொல்லத் தெரிந்தவர்தானே.

---

வைகைவாசி | மே 13, மதியம் 12.40

தங்கச்சி, பாசத்தில் கூப்பிடுவதைப் போய் இப்படி எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் வீட்டில் நாற்பது வயது மாமாவுக்கும் ‘தம்பி’தான் பெயர்.

---

சக்கரப்பயணி | மே 13, மதியம் 1.35

அந்த மாமா வெளியே போனால் அவருக்கு இன்னொரு பெயர் இருக்கும். சம்பளச் சீட்டில், கல்யாணப் பத்திரிகையில். இவருக்கு அந்த ஒன்றுதான். பாசம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

---

இயன்முறை ஊழியர் | மே 13, மாலை 5.20

அவர் சொல்வது சரி. எங்கள் வேலையில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் போய் 2010-இல் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஏழு குறைபாடுகள் இருபத்தொன்றாக ஆயின. போன மாதம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டமன்றத்தில் சட்டமும் நிறைவேறியது. வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர்தான் கடைசியாக மாறும்.

---

ராமநதிக்கரை | மே 15, இரவு 11.10

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. சக்கரப்பயணி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கேட்டதே இல்லை.

இன்றைக்குச் சாயங்காலம் மேட்டுத்தெருச் சித்தி வீட்டுக்குப் போனேன். அறுபது தாண்டிவிட்டது, கண்ணில் புரை. விஷயத்தைச் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “ஏல, அவளுக்கு அந்தப் பேரு புடிக்காதுல்லா. ஒங்க அம்ம கூப்ட்டா மட்டும் சிரிப்பா. வேற ஆரு கூப்ட்டாலும் கண்ண மூடிக்கிடுவா. நாங்க அதான் ஏட்டின்னு கூப்டுவோம்” என்றார்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, திண்ணையில் எல்லோரும் அவளை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்திக்கொருத்தி எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. அது ஏதோ பேச்சுவாக்கு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது கேமராக்காரர் “பாப்பா இங்கே பாரு” என்று பத்துத் தடவை சொல்லியும் கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு வெளிச்சம் கூசுகிறது என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். போன வருஷம் கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். “இந்தப் பாப்பாவுக்கு எதற்கு இவ்வளவு செலவு செய்யறீங்க” என்று ஒரு டாக்டர் அவள் தலைமாட்டில் நின்று என்னிடம் கேட்டார். நான் அவரோடு சண்டை போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கம் என்று நினைத்துவிட்டேன்.

சித்தி இன்னும் நிறையச் சொன்னார். இலங்கை வானொலியில் பழைய பாட்டுப் போட்டால் காலால் சட்டத்தைத் தட்டுவாளாம். என் கல்யாணப் பேச்சு நடந்தபோது, முதலில் பார்த்த பெண் வீட்டார் திண்ணையைத் தாண்டி உள்ளே போகும்போது முகத்தைச் சுளித்தார்களாம். அன்று மதியம் இவள் சோறு தின்னவில்லை. சித்தி ஒவ்வொரு விஷயமாகக் கேட்டு, கண்ணைப் பார்த்துப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பந்தம் எப்படி நின்றது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் மனைவி முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது நாற்காலிப் பக்கம் குனிந்து “நல்லாருக்கீங்களா மைனி” என்று முறை சொல்லிக் கேட்டாளாம். அப்போது கண் மேலே போனதாம்.

---

நாலாம் மாடி | மே 16, காலை 6.30

‘நல்லாருக்கீங்களா மைனி’யில் அழுதுவிட்டேன்.

வாத்தியார் ஐயா, கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். படிவம் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாவலராக என் தங்கையைப் போடலாம் என்றிருக்கிறேன். நேற்று மகனிடமும் கேட்டேன். அவன் போனில் சித்தி படத்தை எடுத்துக் காட்டினான்.

இன்னொரு விஷயம். கீழ் வீட்டுக்காரரிடம் போய் அவன் பெயர் என்ன, எதற்குச் சத்தம் போடுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் டீ கொடுத்தார்.

---

சக்கரப்பயணி | மே 16, காலை 10.15

ராமநதிக்கரை அண்ணா, கேட்டுவிட்டு வந்ததற்கு நன்றி. அவருக்கும் எனக்கும் பிடிக்காத வார்த்தை ஒன்றுதான். நோட்டீஸ் வந்ததும் படம் போடுங்கள்.

---

ராமநதிக்கரை | மே 18, இரவு 8.45

பிரஸ்ஸுக்குப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மேலே ரேஷன் கார்டில் இருக்கிற அவளுடைய முழுப்பெயர். வயது 49. படமும் வேறு. அடையாள அட்டைப் படத்தை எடுத்துவிட்டு, திண்ணையில் கண் மேலே போயிருக்கிற படம் கொடுத்தேன். நாற்காலிக் கையில் சாவிகள் தெரிகின்றன. படத்துக்குக் கீழே நாலு வரி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

‘இப்படிக்கு’ என்ற இடத்தில் என் பெயரைத்தான் முதலில் அடித்திருந்தார்கள். அதைக் கீழே இறக்கி, திண்ணைக்காரர்கள் ஐந்து பேர் பெயரையும், ஆசாரி மாமா பெயரையும், என் மனைவி பெயரையும் மேலே போடச் சொன்னேன். ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் பெயரையும் போட்டிருக்கிறேன்.

மேட்டுத்தெருச் சித்தியிடம் சொன்னதற்கு, “என் பேரயும் சரியா போடணும்ல, எல்லாரும் கூப்டுற பேரு வேண்டாம்” என்றார். அவருடைய முழுப்பெயர் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். எழுதிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டேன். ப்ரூஃப் நாளைக்கு வருகிறது.